உன் மூக்கு எங்கட்டி போச்சு?

786
ஸ்ரீவில்லிபுத்தூர்
12.11.1987

மச்சானுக்கு ஹபீபுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நலமா என்று நான் கேட்கவில்லை. நான் நலம் என்றும் எழுதப்போவதில்லை. நலமாக இருந்திருந்தால், கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அத்தா வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நின்றிருக்க மாட்டேன்.

ராஜபாளையத்துக்கும் இங்கேயும் பஸ்ஸில் அரை மணி நேரம். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காருவதற்குள் ஊர் வந்துவிடும். அப்படியிருந்தும் தபாலில் எழுதுகிறேன் என்றால், உங்கள் வாசற்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். சொன்னது சொன்னதுதான்.

நம் வீட்டில் நபி பேரில் மௌலூது ஓதிய அன்று நடந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. கூடம் நிறைய ஆட்கள். பின்கட்டில் நேர்ச்சைக்கு நெய்ச்சோறு தம்மில் இருந்தது. நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாமி என் பக்கத்தில் பலகை போட்டு, தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் தெருவிலிருந்து ஓடி வந்தீர்கள். அண்டாவைத் திறந்து பார்த்தால் அடி கரியாகிக் கிடந்தது.

"ஏட்டி, தெருமுனை வரைக்கும் தீயுத வாடை அடிக்குது. உன் மூக்கு எங்கட்டி போச்சு?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாமி உடனே, "தடுமம் தடுமம்னு சொல்லிக்கிட்டுச் சோம்பிக் கெடந்தா இப்படித்தான்" என்றார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு.

என் மூக்கு எங்கேயும் போகவில்லை. ரம்ஜான் நோன்பிலிருந்து அது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். இதை உங்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! முதலில் எல்லாருக்கும் வருகிற ஜலதோஷம் போலத்தான் வந்தது. தும்மல், மூக்கில் தண்ணீர், தொண்டைக் கரகரப்பு. ஒரு வாரத்தில் சரியாகிப் போனது. அப்பாடா என்று இருந்தபோது மறுபடி காய்ச்சலோடு வந்து இடது கன்னத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு அது போகவே இல்லை. மூக்கு ஒரு பக்கம் அடைப்பு, தொண்டைக்குள் கெட்டியாக இறங்கும் சளி, மேல் பல் வரிசை முழுக்க வலி. சஜ்தாவுக்குக் குனிந்தால் கன்னம் வெடித்துப்போகும் போலிருக்கும். ஒருநாள் தாங்க முடியாமல் உட்கார்ந்தபடியே தொழுதேன். "நான் முட்டிவலிக்காரி, உக்காந்து தொழுவுதேன். உனக்கென்ன கேடு?" என்றார்கள் மாமி.

நொச்சி இலை ஆவி பிடித்தேன். நெற்றியில் பத்துப் போட்டேன். மாமியின் பட்டணம் பொடியைக்கூட மூக்கில் ஏற்றிக்கொண்டேன். பல்தான் வலிக்கிறது என்று கூட்டிப் போய் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வைத்தீர்கள். பல் போனது, வலி அப்படியே இருந்தது. அதற்கும் தடுமம் என்றீர்கள்.

நான் நடிக்கவில்லை என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதே கூடத்தில், அன்றைக்குச் சிரித்தவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதுவரை வர மாட்டேன்.

ஹபீபுன்னிசா


786
ராஜபாளையம்
17.11.1987

ஹபீபுக்கு அபுபக்கர் எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, வருகிற கடிதம் எதுவானாலும் நான் சத்தமாக வாசித்தாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் இப்படி எழுதியிருக்கிறாய். வாசிக்கும்போது நடுவில் இரண்டு தரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். கோபத்தில்தான், வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே.

அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"தடுமம் புடிக்காத மனுசி ஊர்ல யாரு இருக்கா? எனக்கு இல்லாத தடுமமா? இந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட நாள்ல இருந்து எனக்குந்தான் தலை பாரம். நான் என்ன, பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்கா ஓடுனேன்? ஒரு செம்பு வெந்நியக் குடிச்சிட்டு அடுப்படிக்குப் போனேன். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு மூக்குல தண்ணி வந்தா ஊரே வரணும்."

அம்மா சொன்னது இதோடு முடிந்தது. இனி நான் சொல்வது.

சோறு தீய்ந்ததற்காக நான் உன்னை விரட்டவில்லை. ஆட்கள் வந்திருந்த நேரம், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எந்த வீட்டில் இது நடக்கவில்லை? உனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வருகிறது. அந்த வேலையை மட்டும் உன் மூக்கு ஒழுங்காகச் செய்கிறது.

நான் பேண்டேஜ் துணிக் குடோனில் காலையிலிருந்து பஞ்சுத் தூசிக்குள் நிற்கிறவன். நானும்தான் தும்முகிறேன். தும்மிவிட்டு மூட்டையைக் கட்டுகிறேன். அம்மாவைப் பார். அடிபிடித்த அண்டாவைத் தேய்த்து, நேற்றுத் தானே ஏணி வைத்துப் பரணில் ஏற்றி வைத்தார்கள். இந்த வயசில்! உன்னால் ஒரு தலைவலியைத் தாங்க முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்குள் வந்துவிட்டால் ஒன்றும் கேட்க மாட்டோம். வராவிட்டால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

அபுபக்கர்

பி.கு. என் நீலக் கட்டம் போட்ட கைலியை எங்கே வைத்தாய்?


786
ஸ்ரீவில்லிபுத்தூர்
24.11.1987

மச்சானுக்கு,

நீலக் கட்டம் போட்ட கைலி என் பெட்டியில் இருக்கிறது. அவசரத்தில் வந்துவிட்டது. தர மாட்டேன்.

நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டால் போகட்டும். நான் வேறு ஓர் இடத்துக்குப் போய்வந்தேன். இங்கே காது மூக்குத் தொண்டைக்கென்று டாக்டர் பரிபூரணம் என்று ஓர் அம்மா புதிதாக வந்திருக்கிறார்கள். அத்தா மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு என்னைக் கூட்டிப் போனார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்ட முதல் ஆள் அந்த அம்மாதான். நடுவில் ஒருதரம்கூடத் தடுமம் என்று சொல்லவில்லை.

நான்தான் கேட்டேன், "இது தடுமந்தானே டாக்டரம்மா? எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுதாங்க" என்று. அதற்கு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

"தடுமம்னா தும்மலும் தண்ணியுமா வரும். ஒரு வாரம், மிஞ்சிப்போனா பத்து நாள் இருக்கும். பொறவு தானாப் போயிரும். சளி மஞ்சளா வந்துட்டாலே வேற நோவுன்னு பயப்பட வேண்டாம், தடுமத்துலயும் மஞ்சளா வரும். ஆனா பத்து நாளைக்கு மேலயும் குறையாம நின்னா, இல்ல நல்லாப் போயிட்டுத் திரும்பக் காய்ச்சலோட வந்தா, அத தடுமம்னு விடக்கூடாது. குனிஞ்சா ஒரு கன்னம் மட்டும் கனக்கும், மேல் பல்லு வலிக்கும், வாசம் தெரியாமப் போகும். உனக்கு அம்புட்டும் இருக்கு. இது சைனஸ்ல சீழ் கட்டுனது."

பிறகு என்னை ஒரு இருட்டறைக்குள் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு கண்ணாடி. வாய்க்குள் சின்ன பல்பு ஒன்றை வைத்து, உதட்டை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணாடியில் பார்த்தால் என் வலது கன்னம் செக்கச்செவேலென்று எரிகிறது, டார்ச்சை உள்ளங்கையில் பொத்தினால் தெரியுமே அந்த மாதிரி. இடது கன்னம் இருட்டாகவே இருந்தது. வெளிச்சம் போக முடியாதபடி உள்ளே சீழ் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். எக்ஸ்ரேயிலும் அதேதான். மச்சான், அந்த இருட்டைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அரை வருஷமாக நான் சொல்லி யாரும் நம்பாததை என் கன்னமே சொல்லிவிட்டது. அழுதுவிட்டேன்.

அப்புறம் மூக்கை மரத்துப்போக வைத்து, உள்ளே குழாய் இறக்கிக் கழுவினார்கள். என்ன வந்தது என்று எழுத மாட்டேன், நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கலாம். கழுவிய பிறகு மூக்குக்குள் பேண்டேஜ் துணியைத் திரித்து வைத்தார்கள். அது உங்கள் குடோனில் நீங்கள் கட்டிய மூட்டையாகக்கூட இருக்கும். ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்குத் துணி அனுப்புகிறவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவளின் நோய் தெரியவில்லை.

பிடுங்கிய பல்லின் இடத்தைப் பார்த்து, "பிடுங்கியும் வலி போகலைன்னா பல்லு மேல குத்தம் இருந்திருக்காதும்மா" என்றார்கள். அந்தப் பல்லுக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்று. சைனஸ் என்பது நோயின் பெயரே இல்லையாம். முகத்து எலும்புக்குள் காற்று இருக்கிற பொந்துக்குப் பெயராம். "எனக்கும் இருக்கு. உன் வீட்டுக்காரருக்கும் இருக்கு. உன் மாமியாருக்கும் இருக்கு" என்று சிரித்தார்கள் டாக்டரம்மா. ராஜபாளையத்துக்கே இருக்கிறது சைனஸ். என்னை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டாம்.

நேற்று அத்தா கடையிலிருந்து வந்தபோது அவர் சட்டையில் சீயக்காய்த் தூள் வாசம் வந்தது. ரம்ஜானுக்குப் பிறகு நான் முகர்ந்த முதல் வாசம் அது.

ஹபீபுன்னிசா


786
ராஜபாளையம்
30.11.1987

ஹபீபுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். சைனஸ் என்றால் என்ன என்று அம்மா தெருவில் நாலு பேரிடம் விசாரித்தார்கள். பச்சிலை வைத்தியர் ஒருவர், "அதான் பீனிசம். வம்சத்துல வாரது. மூக்கு உள்ளுக்குள்ள அழுகிப் போகும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா வேறு பேச்சுப் பேசவில்லை. "தடுமம்னு நெனச்சுத் திட்டுனேன். பீனிசக்காரின்னு தெரிஞ்சிருந்தா கட்டியிருக்கவே மாட்டேன். மறச்சுல்ல நம்ம தலையில கட்டிட்டாக" என்கிறார்கள்.

சொல்லாமல் இருந்தால் பிறகு நீ வேறு ஆள் மூலம் தெரிந்துகொள்வாய், அதனால் நானே எழுதுகிறேன். ஜமாஅத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். நோயை மறைத்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள் என்று. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி, நான்தான் கையெழுத்துப் போட்டேன். டிசம்பர் பதினோராம் தேதி ஜும்ஆவுக்குப் பிறகு விசாரிக்கிறார்கள். உன் அத்தா வர வேண்டும்.

உன் தங்கச்சி நூர்னிசாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன கான்சாபுரத்துக்காரர்கள் இங்கே வந்திருந்தார்கள். உன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்கள். அம்மா உள்ளதைச் சொன்னார்கள். நான் குடோனில் இருந்தேன்.

நான் என்ன செய்ய முடியும், சொல். ஒரு பக்கம் அம்மா. ஒரு பக்கம் டாக்டர் பெயரையெல்லாம் எழுதுகிற நீ. இரண்டு பேரும் என்னிடம் தோற்க மாட்டேன் என்கிறீர்கள்.

இப்போது வலி எப்படி இருக்கிறது?

அபுபக்கர்


786
ஸ்ரீவில்லிபுத்தூர்
3.12.1987

மச்சானுக்கு,

வலி குறைந்திருக்கிறது. கேட்டதற்கு நன்றி. இரண்டு பக்கம் என் குடும்பத்துக்குக் குழி தோண்டிவிட்டு, கடைசி வரியில் வலி கேட்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

கான்சாபுரத்திலிருந்து பதில் வந்துவிட்டது. "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நூர்னிசா கண்ணாடி முன்னால் நின்று தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் நியாயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. தடுமம் என்றால் நான் நடிக்கிறேன். பீனிசம் என்றால் என் அத்தா ஏமாற்றுக்காரர். எப்படிப் பெயர் வைத்தாலும் குற்றம் என் வீட்டில்தான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "மூக்கும் முழியுமா இருக்கா" என்று என் தாடையைப் பிடித்துச் சொன்னது மாமிதான். அன்றைக்கு என் மூக்கில் ஒன்றுமில்லை. கல்யாணத்தன்று வைத்த சந்தனம் மணத்தது, உங்கள் சட்டையில் பஞ்சு வாடை அடித்தது, எல்லாம் எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டுக்கு வந்து இரண்டாவது ரம்ஜானில்தான் இது வந்தது. வம்சத்தில் வந்ததாம்! யார் வம்சம் என்று பார்ப்போம்.

இனி எழுதுவதையும் மாமிக்குச் சத்தமாக வாசியுங்கள். ஒரு எழுத்தை விடக்கூடாது.

உங்கள் பழைய கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். மாமி ஏணி வைத்துப் பரணில் ஏறினார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். முட்டி வலிக்கிற மனுஷி எப்படி ஏணி ஏறினார்கள்? முட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றால் ஏன் உட்கார்ந்து தொழுகிறார்கள்? குனிந்தால் எங்கே வலிக்கிறது? வாக்கப்பட்ட நாளிலிருந்து தலை பாரம் என்று சொன்னதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. பட்டணம் பொடி எதற்குப் போடுகிறார்கள்? அது போட்டால்தான் செத்த நேரமாவது மூக்கு திறக்கிறது, அதற்கா?

மௌலூது அன்று நான் அடுப்புக்கு முன்னால் இருந்தேன். மாமி எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள், என் தோள் அவர்கள் தோளில் இடிக்கும் தூரம். தெருமுனையில் நின்ற உங்களுக்குத் தெரிந்த வாடை எனக்குத் தெரியவில்லை. சரி, நான் மூக்கில்லாதவள். மாமிக்கு ஏன் தெரியவில்லை?

இத்தனை நாள் இது எனக்கே தோன்றவில்லை. என்னைத் திட்டிய சத்தத்தில் நானும் அதை மறந்துபோனேன்.

பதினோராம் தேதி அத்தா மட்டும் வர மாட்டார், நானும் வருவேன். மதரஸா அறையில் பெண்கள் இருக்கிற திரைக்குப் பின்னால் நின்று நானே பேசுவேன். ஜமாஅத்தில் மாமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அது என்ன கேள்வி என்று இப்போது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஹபீபுன்னிசா


786
ராஜபாளையம்
7.12.1987

ஹபீபுக்கு,

உன் கடிதத்தைப் பாதிவரை வாசித்து நிறுத்திவிட்டேன். "ஏலே, ஏன் நிப்பாட்டிட்ட? வாசி" என்றார்கள் அம்மா. வாசித்தேன். முடித்தபோது அம்மா திட்டுவார்கள் என்று பார்த்தேன், திட்டவில்லை. பொடி டப்பாவை மடியில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் நம்பவில்லை. மறுநாள், பெருநாளைக்கு மட்டும் எடுக்கிற அத்தரைச் சட்டையெல்லாம் பூசிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குடோனில் எல்லாரும் "என்ன மாப்பிள்ளை, யார் வீட்டுக் கல்யாணம்" என்று கேட்டார்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ரசம் மட்டும் ஊற்றினார்கள்.

அன்று மஃரிபுத் தொழுகைக்கு அம்மா, உட்கார்ந்து தொழுகிற பலகையைத் தள்ளி வைத்துவிட்டு நின்று தொழுதார்கள். நான் அறை வாசலில் இருந்தேன். சஜ்தாவுக்குக் குனிந்து எழுந்தபோது முட்டியைப் பிடிக்கவில்லை, கன்னத்தைப் பொத்திக்கொண்டார்கள். அப்படியே ஒவ்வொரு ரகஅத்தும் முடித்தார்கள். நான் உள்ளே போகவில்லை.

ஹபீபு, ஜமாஅத்தில் அதைக் கேட்காதே. என்னை என்ன வேண்டுமானாலும் கேள், அம்மாவை ஊர் முன்னால் கேட்காதே. மனுவைத் திரும்ப வாங்கச் சொல்வாய். வாங்கினால் பொய் மனுக் கொடுத்தவன் என்று என்னைச் சொல்ல மாட்டார்களா? அப்புறம் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அபுபக்கர்


786
ஸ்ரீவில்லிபுத்தூர்
9.12.1987

மச்சானுக்கு,

உங்கள் முகம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதற்காக என் அத்தா தலை குனிய வேண்டுமா? நூர்னிசா வீட்டோடு இருக்க வேண்டுமா? மனு இருக்கிறவரை என் கேள்வியும் இருக்கும்.

கீழே உள்ளது மாமிக்கு. வாசித்துக் காட்டுங்கள்.

மாமி, உங்கள் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. குறைந்த மாதிரி எழுதவும் மாட்டேன். ஆனால் குனிந்தால் அந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. நீங்கள் அதை எத்தனை வருஷம் வைத்துக்கொண்டு சமைத்தீர்கள், பெற்றீர்கள், வளர்த்தீர்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களையும் யாரோ தடுமம் என்று சொல்லி வாயடைத்திருக்கிறார்கள். அதே வார்த்தையை எடுத்து என்னை ஏன் அடித்தீர்கள்? இதுதான் எனக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன்.

ஹபீபுன்னிசா


786
ராஜபாளையம்
14.12.1987

ஹபீபுக்கு,

இனி நான் எந்தக் கடிதத்தையும் யாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

நீ திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாய், அம்மா முகத்தைப் பார்த்திருப்பாய். எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. ஜமாஅத் தலைவர் மனுவை வாசித்து முடித்ததும் நீ பேசப்போகிறாய் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"நெய்ச்சோறு அடிபிடிச்ச அன்னிக்கு நான் அண்டாவுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எனக்கும் தெரியல. எனக்கு எந்த வாடையும் தெரிஞ்சு எம்புட்டோ காலமாச்சு. எங்க மாமியா தடுமம்னாக, நானும் தடுமம்னு இருந்துட்டேன். இந்தப் புள்ள பீனிசக்காரின்னா நானும் பீனிசக்காரிதான். மனுவுல என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க."

தலைவர் என்னைப் பார்த்து, "என்னப்பா, சேத்து எழுதணுமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறானாம்! சுற்றி நின்றவர்கள் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உனக்கு மௌலூது அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்து பார்த்தால் நீயும் அம்மாவும் உன் அத்தாவுக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கிறீர்கள். கூப்பிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். நான் சமைத்த சோறு வாயில் வைக்க முடியவில்லை.

மனு இன்னும் ஜமாஅத்தில்தான் இருக்கிறது. அம்மா எப்போது வருவார்கள்?

அபுபக்கர்


786
ஸ்ரீவில்லிபுத்தூர்
20.1.1988

மச்சானுக்கு,

மாமி எப்போது வருவார்கள் என்று மாமியைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"ஏலே அபுபக்கரு, எனக்கு மூக்கக் கழுவிட்டாக. ரெண்டு கன்னமும் இருட்டா இருந்துச்சாம். டாக்டரம்மா, 'இத்தன வருசமா இத வச்சிக்கிட்டு எப்படிம்மா இருந்தீக?'ன்னு கேட்டாக. இன்னும் ரெண்டு தரம் கழுவணுமாம். பொடி டப்பாவை டாக்டரம்மா வாங்கி வச்சிக்கிட்டாக, அதுக்குத்தான் அழுகை வருது. கான்சாபுரத்துக்கு நானே போனேன். 'நான் சொன்னது தப்பு. மூக்குல சீழ் கட்டுனா கழுவுனாப் போயிரும். என்னைக் கழுவிட்டாக, பாத்துக்கோங்க'ன்னு மூஞ்சியக் காட்டிட்டு வந்தேன். நூர்னிசாவைத் திரும்பப் பாக்க வாரோம்னு சொல்லியிருக்காக. நான் என் வேலைய முடிச்சிட்டேன். நீ உன் வேலைய முடி. கையெழுத்துப் போட்டது நீ. அத அடிச்சுத் தர வேண்டியதும் நீதான். அதுவரைக்கும் நான் வரமாட்டேன்."

மாமி சொன்னது இதோடு முடிந்தது. இனி நான் சொல்வது.

மனுவைத் திரும்ப வாங்குங்கள், அதைக் கையில் எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் கூடத்தில், மௌலூதுக்கு வந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். கூடத்துக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் தெரியட்டும். என் பல்லைத் திருப்பித் தர உங்களால் முடியாது. முடிந்ததையாவது செய்யுங்கள். செய்தால் நான் வருவேன், கைலியும் வரும். செய்யாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருந்துவிடுவோம். அத்தா கடையில் மிளகாய் புடைக்க ஆள் வேண்டுமாம்.

மாமிக்கு எல்லா வாசமும் வந்துவிடவில்லை. பூ வாசம் தெரியவில்லை என்கிறார்கள். மண்ணெண்ணெய் தெரிகிறது, கருவாடு தெரிகிறது. பழைய சீக்கு, முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள் டாக்டரம்மா.

நேற்று மத்தியானம் நடந்ததை எழுதிவிட்டு முடிக்கிறேன். அடுப்பில் சோறு இருந்தது. நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தக் கடிதத்தில் உங்களை இன்னும் என்னவெல்லாம் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமி வாசலில் நூர்னிசாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சீப்பைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தார்கள். என்னைத் தள்ளிவிட்டு, முந்தானையால் பானையைப் பிடித்து இறக்கினார்கள். உள்ளே பார்த்தால் அடியில் லேசாகப் பழுப்புத்தான், கரியவில்லை. மாமி பானைக்கு மேலே குனிந்து கண்ணை மூடிக்கொண்டு அந்த வாடையை இழுத்தார்கள். திரும்பத் திரும்ப இழுத்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

பிறகு இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள்:

"ஏட்டி, உன் மூக்கு எங்கட்டி போச்சு?"

ஹபீபுன்னிசா